எடையிலிருந்து எழுத்து

2007ஆம் ஆண்டு ஏப்ரலில் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரை உலகெங்கும் செய்தியானது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் தோண்டியெடுக்கப்பட்ட டைரனோசரஸ் ரெக்ஸ் என்னும் டைனோசரின் தொடையெலும்பு அது. வயது ஏறத்தாழ 6.8 கோடி ஆண்டுகள். அந்த எலும்பிலிருந்து ஏழு புரதத் துண்டுகளை இனங்கண்டுவிட்டதாக மேரி ஷ்வைட்சர், ஜான் அசாரா ஆகியோரின் குழுக்கள் அறிவித்தன. அத்துண்டுகளிற் சில, கோழியின் கொலாஜன் புரதத்தை ஒத்திருந்தன. பறவைகள் டைனோசர் வழிவந்தவை என்ற கொள்கைக்கு மூலக்கூறு அளவிலேயே சான்று கிடைத்துவிட்டதாகப் பலரும் மகிழ்ந்தனர்.

பொருளியலும் புள்ளியியலும் கற்பித்துக் காலங்கழித்த எனக்கு, அச்செய்தியில் 'இனங்கண்டனர்' என்ற சொல்லே உறுத்தியது. எலும்பில் எழுத்து ஏதும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. ஆய்வுக்கூடத்துக் கருவியும் புரதத்தைப் படிப்பதில்லை; அது எடை பார்க்கிறது, அவ்வளவே. எடையிலிருந்து எழுத்துக்கு வந்து சேரும் வழியில் ஓர் அனுமானம் இருக்கிறது. அந்த அனுமானம் எத்தனை முறை தவறும் என்று கணக்கிடும் பொறுப்பு யாருடையது? இக்கேள்வி டைனோசர் எலும்போடு நிற்பதில்லை. மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனை வரை வந்து நிற்கிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலை. மணிகளில் 20 வகை. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்ற வரிசைதான் ஒரு புரதத்தை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறது. இன்சுலினின் வரிசையை முதன்முதலாகக் கண்டறிந்த கேம்பிரிட்ஜின் பிரெடரிக் சாங்கருக்கு அதற்காகவே 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வேலைக்கு ஏறக்குறைய பத்தாண்டுகள் பிடித்தன. பின்னர் சுவீடனின் பேர் எட்மன் வகுத்த முறை மாலையின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு மணியாகக் கழற்றிப் பார்த்தது. நல்ல முறைதான், ஆனால் தூய்மையான புரதம் தாராளமாக வேண்டும், பொறுமை அதைவிடத் தாராளமாக வேண்டும். உயிரணு ஒன்றில் கலந்துகிடக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களை அவ்வழியில் ஒவ்வொன்றாகப் படித்து மாளாது.

அங்கேதான் நிறை நிறமாலைமானி, அதாவது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், உள்ளே வந்தது. மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகளின் எடையை, மின்னேற்றத்துக்கு இவ்வளவு என்று, மிக நுட்பமாக அளக்கும் தராசு என்று அதைக் கொள்ளலாம். நெடுங்காலம் அதற்கு ஒரு தடை இருந்தது. அளக்க வேண்டிய பொருள் காற்றில் மிதக்கும் அயனியாக வேண்டும். புரதத்தைச் சூடேற்றினாலோ அது ஆவியாகாமல் கருகும். இத்தடையைத் தாண்ட இரு வழிகளை வகுத்தமைக்காக ஜான் ஃபென்னும் கோய்ச்சி தனாகாவும் 2002இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஃபென் அப்போது 85 வயதுப் பேராசிரியர். தனாகாவோ ஷிமாட்சு நிறுவனத்தில் பணிபுரிந்த 43 வயதுப் பொறியாளர். முனைவர் பட்டம் பெறாதவர். பட்டங்களை அளந்தே ஆட்களை எடைபோடும் நம் கல்வி உலகம் அவ்வப்போது நினைத்துக்கொள்ளத்தக்க செய்தி இது.

ஆனால் மாலையின் மொத்த எடை தெரிந்துவிட்டால் மணிகளின் வரிசை தெரிந்துவிடாது. அதே மணிகளை இடம் மாற்றிக் கோத்தாலும் மொத்த எடை மாறாதல்லவா? ஆகவே உடைக்க வேண்டும். முதலில் டிரிப்சின் என்னும் நொதியைக் கொண்டு புரதத்தைச் சிறு துண்டுகளாக நறுக்குவர். லைசின், ஆர்ஜினின் என்ற இரு மணிகளை அடுத்து மட்டுமே டிரிப்சின் வெட்டும். ஆதலால் துண்டுகள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றில்தான் முடியும். இத்துண்டுகளே பெப்டைடுகள். அவற்றைக் கருவிக்குள் செலுத்தி, ஒரே எடை கொண்டவற்றை மட்டும் பிரித்தெடுத்து, ஹீலியம் அல்லது நைட்ரஜன் போன்ற வாயுவின் மூலக்கூறுகளோடு மோதவிடுவர். மோதலில் மணிகளுக்கிடையிலான பிணைப்புகளில் ஏதேனும் ஒன்று அறுபடும்.

இந்த முறையின் அழகெல்லாம் 'ஏதேனும் ஒன்று' என்பதில் அடங்கியிருக்கிறது. கருவிக்குள் இருப்பது ஒரு மாலை அன்று. ஒரே வகை மாலையின் எண்ணற்ற படிகள். ஒரு படி முதல் மணிக்கு அடுத்து அறுபடும். இன்னொன்று மூன்றாவதற்கு அடுத்து. வேறொன்று கடைசி மணிக்கு முன்னால். எல்லாத் துண்டுகளையும் எடையிட்டு வரிசைப்படுத்தினால் படிக்கட்டுப் போன்ற ஓர் அமைப்புக் கிடைக்கும். அடுத்தடுத்த இரு படிகளுக்கிடையே உள்ள எடை வேறுபாடு ஒரு மணியின் எடை. இடமுனையைத் தாங்கிய துண்டுகளுக்குப் 'பி' அயனிகள் என்றும் வலமுனையைத் தாங்கியவற்றுக்கு 'ஒய்' அயனிகள் என்றும் பெயர்.

கணக்கொன்றைப் போட்டுப் பார்த்துவிடலாம். கூட்டல் கழித்தல் போதும். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட ஒரு சிறு பெப்டைடின் ஒய் அயனிகள் 175.1, 322.2, 393.2, 492.3, 549.3 என்ற எடைகளில் தென்படுவதாகக் கொள்வோம். அலகு டால்டன், ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறத்தாழ ஒரு டால்டன். முதல் எண்ணான 175.1 என்பது ஆர்ஜினினின் 156.1, நீர் மூலக்கூறு ஒன்றின் 18.0, புரோட்டானின் 1.0 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. ஆகவே வலக்கோடி மணி ஆர்ஜினின். அடுத்த வேறுபாடு 147.1, அது ஃபீனைல்அலனினின் எடை. பின்னர் 71.0, அது அலனின். பின்னர் 99.1, அது வாலின். கடைசியில் 57.0, அது கிளைசின். இடமிருந்து வலமாகக் கிளைசின், வாலின், அலனின், ஃபீனைல்அலனின், ஆர்ஜினின் என்று மாலை படிக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவு ஒழுங்காக நிஜம் அமைவதில்லை. சில படிகள் காணாமற்போகும்; சில பிணைப்புகள் எளிதில் அறுபடா. பி எது, ஒய் எது என்று துண்டுகள் தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நீரையோ அம்மோனியாவையோ இழந்த துண்டுகள் இடையில் புகுந்து குழப்பும். இவை போதாவென்று மணிகளுக்குள்ளேயே இரட்டையர் உண்டு. லூசின், ஐசோலூசின் இரண்டும் ஒரே எடை. இம்முறையால் அவற்றைப் பிரிக்க இயலாது. இரண்டு கிளைசின் சேர்ந்தால் ஓர் அஸ்பராஜினின் எடை அப்படியே வரும். கிளைசினும் அலனினும் சேர்ந்தால் குளூட்டமின். ஹைட்ராக்சிபுரோலினுக்கும் லூசினுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 0.036 டால்டன். டைனோசர் வழக்கில் இந்தக் கடைசி இரட்டையர் முக்கியமானவர்கள். ஏனெனில் கொலாஜன் என்பது கிளைசினும் புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் மண்டிய புரதம். 2007 ஆய்வில் பயன்பட்ட அயனிப்பொறி வகைக் கருவி, துண்டுகளில் இத்தகைய நுண்வேறுபாட்டைக் காட்டும் ஆற்றல் உடையதன்று.

எனவே பெரும்பாலான ஆய்வகங்கள் நேராகப் படிப்பதை விடுத்து, ஒப்பிட்டுத் தேர்கின்றன. பத்து மணி கொண்ட மாலையை 20 வகை மணிகளால் சுமார் பத்து இலட்சம் கோடி விதங்களில் கோக்கலாம். ஆனால் இயற்கை அவற்றில் மிகச் சிலவற்றையே பயன்படுத்துகிறது. மரபணு வரிசை தெரிந்த உயிரியென்றால் அதன் புரதங்களையெல்லாம் முன்கூட்டியே கணினியில் எழுதிவைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் டிரிப்சின் எங்கே வெட்டும், துண்டுகள் எந்த எடையில் விழும் என்று கணினி கணித்து, கருவி காட்டிய நிறமாலையோடு பொருத்திப் பார்த்து மதிப்பெண் வழங்கும். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜிம்மி எங், ஆஷ்லி மெக்கார்மக், ஜான் யேட்ஸ் ஆகியோர் 1994இல் வெளியிட்ட 'சீக்வெஸ்ட்' என்னும் நிரல் இவ்வழியைத் திறந்துவைத்தது. ஆண்டுகள் பிடித்த வேலை மணிக்கணக்கில் முடியலாயிற்று.

வசதி வந்த இடத்தில் ஆபத்தும் வந்தது. கணினி எப்போதும் ஒரு விடையைத் தரும். போட்டியாளர்களில் ஒருவருமே தகுதியற்றவர் என்றாலும் முதலிடம் ஒருவருக்குக் கிடைத்தே தீருமல்லவா? நிறமாலைக்கு உரிய உண்மையான பெப்டைடு தரவுத்தளத்திலேயே இல்லாதபோதும், ஏதோ ஒன்று மற்றவற்றைவிடச் சற்றே நன்றாகப் பொருந்தும். பல்லாயிரம் நிறமாலைகளைப் பல இலட்சம் வரிசைகளோடு மோதவிட்டால், தற்செயலாகவே சில பொருத்தங்கள் மிக நேர்த்தியாக அமைந்துவிடும். என் துறையில் இது பழகிய நோய். நூறு மாறிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவருக்கு, பணவீக்கத்தோடு தொடர்புள்ள ஏதோ ஒன்று கிடைக்காமற்போகாது.

புரத ஆய்வாளர்கள் இந்நோய்க்குக் கண்ட மருந்தைப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்தது. தரவுத்தளத்தில் உள்ள மெய்யான வரிசைகள் ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பி, அவ்வளவு எண்ணிக்கையில் போலி வரிசைகளைச் செய்து, இரண்டையும் கலந்து வைத்துவிடுகிறார்கள். போலிகள் இயற்கையில் இல்லாதவை. அவற்றோடு பொருந்தும் எதுவும் தவறு என்பது ஐயமறத் தெரியும். தற்செயல் பொருத்தம் மெய்யென்றும் போலியென்றும் பார்ப்பதில்லை. ஆகவே, ஒரு குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் மெய் வரிசைகளில் 1,000 பொருத்தங்களும் போலிகளில் 10 பொருத்தங்களும் கிடைத்தால், அந்த ஆயிரத்திலும் பத்தளவு தவறானவை என்று மதிப்பிடலாம். பிழை விகிதம் நூற்றுக்கு ஒன்று. பிழையை எண்ணுவதற்காகவே பிழையை வேண்டுமென்று உள்ளே விடும் இந்த உத்தியைப் பொருளியல் தன் கணக்குகளில் இவ்வளவு கறாராகக் கைக்கொண்டதில்லை.

நூற்றுக்கு ஒன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் பத்தாயிரம் பெப்டைடுகள் கொண்ட பட்டியலில் அது நூறு பிழை. அந்த நூறு எவை என்று பட்டியல் சொல்லாது. மேலும், பல ஆய்வுகளின் பட்டியல்களை ஒன்றாகச் சேர்க்கும்போது மெய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். பிழைகளோ ஒவ்வொன்றும் தனித்தனி இடத்தில் விழுந்து பெருகும். 2014இல் மனிதப் புரதத் தொகுதியின் முதல் வரைவுகள் என்று இரு பெரும் ஆய்வுகள் 'நேச்சர்' இதழில் ஒருங்கே வெளிவந்தன. ஒன்று ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து. மற்றொன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் அகிலேஷ் பாண்டே தலைமையில், பெங்களூரின் உயிர்த்தகவலியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பெரும்பங்கு வகித்தது. 17,294 மரபணுக்களின் புரதங்களை அது பட்டியலிட்டது. நாம் பெருமைப்படத்தக்க உழைப்பு அது. எனினும் சில மாதங்களுக்குள் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். மணம் உணரும் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் முதன்மையாக மூக்கின் உட்புறத் திசுவுக்கு உரியவை. இரு ஆய்வுகளிலும் மூக்குத் திசு எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. ஆயினும் ஒவ்வொரு பட்டியலிலும் அத்தகைய ஏற்பிகள் நூற்றுக்கு மேல் இருந்தன! தற்செயல் பொருத்தங்கள் எந்த அளவுக்கு உள்ளே வந்துவிட்டன என்பதை மூக்கே காட்டிக்கொடுத்துவிட்டது. இரு குழுவினரும் தம் மூல நிறமாலைகளைப் பொதுவில் வைத்திருந்ததால்தான் பிறரால் அவற்றைத் திரும்ப ஆராய முடிந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இதில் நோயாளிக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். 2002 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஒரு துளி இரத்தநீரின் நிறை நிறமாலையிலிருந்தே கருப்பைச் சூலகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்றது. புற்றுநோய் கண்ட 50 பெண்களில் 50 பேரையும் அது சரியாகச் சுட்டியதாம். அறிகுறியின்றி முற்றும் அந்நோய்க்கு இது எத்தகைய நம்பிக்கை! ஆனால் அம்முறையில் எந்தப் பெப்டைடையும் உடைத்து யாரென்று கேட்கவில்லை. சிகரங்களின் உயரம் சேர்ந்து அமைத்த கோலத்தை மட்டும் கணினி பார்த்தது. தரவுகள் இணையத்தில் இருந்தன. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்துப் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ஸும் அவற்றைத் தோண்டிப் பார்த்து, கோலத்தில் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி நோயின் சாயலன்று, கருவியையும் மாதிரிகளையும் கையாண்ட விதத்தின் சாயலாக இருக்கலாம் என்று காட்டினர். அம்முறையின் அடிப்படையில் விற்பனைக்கு வரவிருந்த பரிசோதனையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் தடுத்து நிறுத்தியது. தரவு பூட்டிக் கிடந்திருந்தால், நலமாக இருந்த பெண்கள் சிலர் தேவையற்ற அறுவைக்கு உட்பட்டிருப்பார்கள். நோயுற்றவர் சிலர் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார்கள்.

தரவைத் திறந்துவைப்பது ஆய்வாளரின் பெருந்தன்மை என்று நம்மிடையே இன்னும் ஓர் எண்ணம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாட்டின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று கார்மன் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் எழுதியதை மேற்கோள் காட்டியே பல அரசுகளின் சிக்கன நடவடிக்கைகள் நியாயப்படுத்தப்பட்டன. அவர்களது எக்செல் தாளைக் கேட்டுப் பெற்ற தாமஸ் ஹெர்ண்டன் என்னும் ஆய்வு மாணவர், சராசரிக் கணக்கில் ஐந்து நாடுகள் விடுபட்டுப்போனதை 2013இல் கண்டுபிடித்தார். மூன்றாண்டுகள் அத்தாளை யாரும் பார்க்கவில்லை. பல கோடி ரூபாய் பொதுப்பணத்தில் நம் நாட்டு ஆய்வகங்கள் வாங்கும் நிறமாலைமானிகள் உமிழும் தரவுக்கும் இந்த நியாயமே பொருந்தும். கருவிக்கு நிதி ஒதுக்கும்போதே மூல நிறமாலைகளைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையையும், பிழைக்கணக்கு அறிந்த ஒரு புள்ளியியலாளரின் ஊதியத்தையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் இயங்கும் 'பிரைடு' களஞ்சியம் உலகின் எந்த ஆய்வகத்திடமிருந்தும் நிறமாலைகளைக் கட்டணமின்றி ஏற்றுக்கொள்கிறது. எவரும் எடுத்துப் பார்க்கலாம்.

டைனோசர் எலும்பின் கதையும் தரவு திறந்த பிறகே தெளிவடையத் தொடங்கியது. ஏழு பெப்டைடுகளில் ஒன்றை ஆய்வாளர்களே பின்னர் கைவிட்டனர். டைனோசரின் மரபணு வரிசை எவரிடமும் இல்லை. எனவே இன்றைய உயிரினங்களின் வரிசைகளில் சில மணிகளை மாற்றி அமைத்த கற்பனை வரிசைகளையும் தேடலில் சேர்க்க வேண்டியிருந்தது. தேடும் பரப்பு விரிய விரியத் தற்செயல் பொருத்தமும் கூடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த கணினியியலாளர் பாவெல் பெவ்ஸ்னரும் அவர் குழுவினரும் 2008இல் கேட்டது இதைத்தான்: எத்தனை நிறமாலைகளுக்குள் தேடி இந்தச் சில பொருத்தங்களை எடுத்தீர்கள்? விடையாக அசாரா மொத்த நிறமாலைகளையும் வெளியிட்டார். எண்ணிக்கை 48,216.

அவற்றை மார்ஷல் பெர்ன் குழுவினர் தம் சொந்த நிரலால் மறு ஆய்வு செய்து 2009இல் முடிவை வெளியிட்டனர். கொலாஜன் பொருத்தங்கள் பெரும்பாலும் தற்செயல் அல்ல என்று அவர்கள் கண்டார்கள். அத்தோடு யாரும் எதிர்பாராத ஹீமோகுளோபின் துண்டு ஒன்றும் கிடைத்தது. பறவையொன்றின் எலும்பைப் போன்ற ஏதோ ஒன்று அந்த மாதிரியில் இருந்தது உறுதியாயிற்று. அதாவது, வரிசையைச் சரியாகப் படித்தார்களா என்ற கேள்வி பெருமளவு தீர்ந்தது; படித்த மாலை யாருடையது என்ற கேள்வி எழுந்தது. ஒப்பீட்டுக்காக அதே குழுவினர் தீக்கோழி எலும்பையும் ஆராய்ந்திருந்தனர். பிழை விகிதக் கணக்கு இங்கே உதவாது. போலி வரிசைகள் தற்செயலைப் பிடிக்குமே தவிர, முந்தைய மாதிரியிலிருந்து கருவியில் ஒட்டிக்கொண்ட துணுக்கைப் பிடிக்கமாட்டா. 2017இல் மான்செஸ்டரின் மைக்கேல் பக்லி குழுவினர் மூன்று தீக்கோழிகளின் எலும்பை ஆராய்ந்து, டைரனோசரஸுக்கும் பின்னர் அறிவிக்கப்பட்ட பிராகிலோஃபோசரஸ் என்னும் மற்றொரு டைனோசருக்கும் உரியனவாகக் கூறப்பட்ட வரிசைகள் அனைத்தும் தீக்கோழியிலும் பொருந்துவதாக எழுதினர். அதே ஆண்டில் ஷ்வைட்சர் தரப்பினர் பிராகிலோஃபோசரஸ் எலும்பைப் புதிதாகச் சோதித்து, கொலாஜன் துண்டுகள் மீண்டும் கிடைத்ததாகவும் அவை பழையனவே என்றும் எழுதினர்.